ஒரு பக்கத்துக்கு மிகாமல்

மூன்றாவது முறையாக அந்தத் தாள் திரும்பி வந்தது. துறைத்தலைவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை. பேனா மூடியால் மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

"மறுபடியும் ரேடியோவா?"

"ஆமா சார்."

"சின்ன வயசுல ரேடியோவப் பிரிச்ச. திருப்பி மாட்டத் தெரியல. அன்னிக்கே மெக்கானிக்கல் படிக்கணும்னு முடிவு பண்ணிட்ட."

"ஆமா சார்."

"இந்த கிளாஸ்ல அறுபது பேரு. அறுபது ரேடியோ. இத்தன ரேடியோவ ஒடச்சவங்கள எவன் வேலைக்கு எடுப்பான்? மொதல்ல, உங்க வீட்ல ரேடியோ இருந்துதா?"

"இல்ல சார்."

"எங்க வீட்லயே இல்ல."

எதிரே நின்றவனுக்கு வகுப்பில் ஸ்டெப்னி என்று பெயர். காத்திருப்போர் பட்டியலில் கடைசி ஆளாக இருந்தான். கல்லூரி தொடங்கி நான்காம் நாள் ஒருவன் வேறு படிப்புக்கு ஓடிப்போக, அந்த இடத்தில் இவனைக் கொண்டுவந்து மாட்டினார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அங்கேயும் பென்சிலில்.

சத்தமில்லாத கம்ப்ரஸர் செய்யும் நிறுவனம் ஒன்று வருடத்துக்கு ஒரு மாணவனை இந்தக் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு எடுக்கும். ஆறு மாதம். பிடித்திருந்தால் வேலை. விண்ணப்பத்தில் மதிப்பெண் கேட்பார்கள், முகவரி கேட்பார்கள். கடைசியில் ஒரு கேள்வி: பொறியியலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், உங்கள் லட்சியம் என்ன? ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

மற்றவர்களுக்கு அந்த நிறுவனம் பத்தில் ஒன்று. ஸ்டெப்னிக்கு அது ஒன்றுதான். ஒரு தடவையாவது யாரோ இடத்தைக் காலி செய்ததால் அல்லாமல், தன்னையே தேர்ந்தெடுத்தார்கள் என்று வீட்டில் போய்ச் சொல்லவேண்டும்.

காரணம் இல்லாதவன் அல்ல அவன். இருந்தது. எழுதினால் நாலு வரிதான் வரும். அந்த நாலு வரியை இன்னொருவர் படிப்பார் என்று நினைத்தாலே காது சூடானது. ரேடியோ எவ்வளவோ தேவலை.

"அந்த கம்பெனி என்ன செய்யுது?" என்றார் துறைத்தலைவர்.

"சத்தமில்லாத கம்ப்ரஸர் சார்."

"சத்தத்தோட உன் வாழ்க்கைய எங்கயாவது முடிச்சுப் போடு. படிக்கிறவனுக்குத் தொண்டைய அடைக்கணும். நாளைக்குத்தான் கடைசி நாள்."

முடிச்சுப் போட ஒரு கயிறு கைவசம் இருந்தது. ஸ்டெப்னியின் அப்பா பிரஸ் மெஷினில் இருபத்தாறு வருடமாக நிற்கிறார். தகரத் தகட்டை டப்பா மூடியாக அடிக்கும் மெஷின். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் டமார் டமார். ஸ்டெப்னி நூலகத்தில் உட்கார்ந்து இப்படி எழுதினான்:

'இருபத்தாறு ஆண்டுகள் பிரஸ் இயந்திரத்தின் முன் நின்ற என் தந்தைக்கு இன்று என் குரல் கேட்பதில்லை. மகன் கூப்பிட்டும் திரும்பாத தகப்பன் இனி ஒருவரும் இருக்கக்கூடாது. சத்தமில்லாத இயந்திரங்களைச் செய்வதே என் லட்சியம்.'

துறைத்தலைவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்டா இத மொதல்லயே சொல்லல?"

"கூச்சமா இருந்துது சார்."

அன்று அவன் சொன்ன ஒரே உண்மை அது.

மதியத்துக்குள் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. கேண்டீன்காரர் எழுந்து நாற்காலி போட்டார். வகுப்பில் எல்லாரும் ஸ்டெப்னியிடம் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். காது போவது பரம்பரை நோய் என்று நினைத்துவிட்டார்கள் போல. ஒரு வாரம் இந்த அனுதாபத்தை அவன் கூச்சமில்லாமல் தின்றான். எட்டாம் நாள் தொலைபேசி வந்தது.

"வர்ற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்க ஆபீசர் உங்க வீட்டுக்கு வருவார்."

"வீட்டுக்கு எதுக்கு மேடம்?"

"எங்க முதலாளி வீட்டப் பாக்காம ஆள எடுக்க மாட்டார். ஆரம்பத்துலேருந்து அதான் வழக்கம். உங்க அப்பா கண்டிப்பா இருக்கணும். நீங்க எழுதினத இங்க எல்லாரும் படிச்சோம். நான் அழுதுட்டேன்."

"நன்றி மேடம்," என்றான்.

அப்பாவுக்குக் காது கேட்காது என்று எழுதியதை வீட்டில் முதலில் அம்மாவிடம் சொன்னான். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பாதியில் நின்றது.

"இத உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. நானா யோசிச்சதுதான்."

அம்மா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லா யோசிச்ச," என்றாள். கத்தி மறுபடி நகர்ந்தது.

தங்கச்சிக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம், நாக்கில் எப்போதும் சாணை.

"அண்ணா, நம்ம அப்பாவுக்குக் காது கேக்காதா? வாய் பேச வராதுன்னு எழுதியிருக்கணும் நீ. பொய் சொல்றதுன்னு ஆயிடுச்சு, பெருசா சொல்ல வேண்டியதுதானே."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பா பேசுவார். பல் துலக்க ஆரம்பிக்கும்போது பேச ஆரம்பித்து, படுக்கையில் போர்வையை இழுக்கும்வரை பேசுவார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராமல் இருக்காது. ஆனால் அது அந்தக் கேள்விக்கான பதிலாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. பிரஸ்ஸில் அச்சை எப்படி மாற்றுவீர்கள் என்று ஸ்டெப்னி ஒருமுறை கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை அரை அடி தள்ளிக் கட்டியதைப் பற்றி முக்கால் மணி நேரம் பதில் சொன்னார்.

அவரிடம் இதை வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. எழுதியதன் நகலை நீட்டினான். அப்பா அதை இரண்டு முறை படித்தார். நாலாக மடித்தார். அன்று அவர் பேச்சு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

"இத யாருக்கெல்லாம் காட்டின?"

"காலேஜ்ல. அப்புறம் அந்த கம்பெனியில."

"எங்க ஃபேக்டரிக்குத் தெரியுமா?"

"அவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"காது போச்சுன்னா பிரஸ்ல நிக்க விட மாட்டான். மெஷின் சத்தம் மாறினா ஆளுக்குத் தெரியணும்ல. கேட்டுல வாட்ச்மேனா உக்கார வச்சிருவான். ஒரு விசில், ஒரு நோட்டு. அவ்வளவுதான் மனுஷன்."

"ஒரு மணி நேரம் நடிச்சாப் போதும்பா."

அப்பா அவன் முகத்தையே பார்த்தார். "நடிக்கணுமா?"

"ஆமா. காது கேக்காத மாதிரி."

அப்பாவுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இவ்வளவுதானா," என்றார்.

சனிக்கிழமை ஒத்திகை. தங்கச்சி இயக்குநர். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து எதிரே நின்றுகொண்டாள்.

"அப்பா, காபி வேணுமா?"

"அரை டம்ளர்."

"அப்பா, உங்களுக்குக் காது கேக்காது."

"சரி."

"சரின்னும் சொல்லக்கூடாது."

"சொல்லல."

"இப்ப சொன்னீங்களே."

"நீ கேட்டியே."

ஏழு முறை முயற்சி செய்தார்கள். ஏழாவது முறை அப்பா வாயைத் திறக்கவில்லை, ஆனால் தலையை ஆட்டினார். தங்கச்சி கதைத்தாளைத் தூக்கி எறியும் இயக்குநரைப் போலக் கையை உதறினாள்.

"தேறாது. அப்பா, நீங்க ஜன்னலப் பாத்து உக்காந்துக்கங்க. நாங்க யாரு என்ன பேசினாலும் இந்தப் பக்கம் திரும்பவே கூடாது. பாவம், எப்பவும் இப்படித்தான் வெளிய பாத்துக்கிட்டே இருப்பார்னு நாங்க சொல்லிக்கறோம்."

"எவ்வளவு நேரம்?"

"வந்தவர் போறவரைக்கும்."

"தெருவுல ஒண்ணும் நடக்கலன்னா?"

"கற்பனை பண்ணிக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆபீசர் வந்தார். குள்ளமான மனிதர். கையில் அவரைவிடத் தடியான கோப்பு. கதவைத் திறந்தது அப்பா. யார் திறப்பது என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை.

"உள்ள வரலாமா சார்?"

"தாராளமா. வாங்க, உக்காருங்க. வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்திருக்குமே?"

நடுக்கூடத்தில் மூன்று பேர் அப்படியே நின்றார்கள். ஆபீசரின் புருவம் மேலே போனது. ஸ்டெப்னியின் வாய் மூளையைக் கேட்காமல் திறந்தது.

"உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்குவார் சார்."

"அப்படியா? யாரு கத்துக் குடுத்தாங்க?"

"அவராவே கத்துக்கிட்டார்."

ஆபீசர் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு கோப்பைத் திறந்து 'தானாகவே' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"ஆனா ரொம்ப நேரம் அப்படிப் பாத்தா அவருக்குத் தலை வலிக்கும் சார்," என்றாள் தங்கச்சி. "அதனால ஜன்னல் பக்கம் உக்காந்துடுவார்."

பொய்யில் தன்னைவிட இவள் பெரிய ஆள் என்று ஸ்டெப்னி அன்று ஒத்துக்கொண்டான். அப்பா சாதுவாகப் போய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். முதுகு மட்டும் இந்தப் பக்கம். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. கழுத்துக்குக் கீழே மெஷின் எண்ணெயின் ஒரு கறை, எத்தனை துவைத்தும் போகாதது.

ஆபீசர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஸ்டெப்னியின் மேசையைப் பார்த்தார். கேட்கவேண்டியதைக் கேட்டார், குறிக்கவேண்டியதைக் குறித்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் போலத் தெரிந்தது. அப்போது பேனாவை மூடி வைத்தார்.

"தம்பி, பேப்பர்ல எல்லாரும் நல்லாத்தான் எழுதறாங்க. போன வருஷம் ஒருத்தன் எழுதினதுல நாங்க ரெண்டு நாள் தூங்கல. வீட்டுக்குப் போய்ப் பாத்தா எல்லாம் புருடா. அதனால கேக்கறேன். அப்பாவுக்குக் கேக்காது. கூச்சப்படாம சொல்லு. நெஜமா எதுக்கு இந்தப் படிப்புக்கு வந்த?"

பதில் தயாராக இருந்தது. சத்தம், சமுதாயம், பாதுகாப்பு. தங்கச்சி எழுதிக் கொடுத்து இவன் மனப்பாடம் செய்தது.

ஆனால் மூன்று அடி தூரத்தில் அந்த முதுகு இருந்தது. வாயே திறக்க முடியாமல், திரும்பவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல். இருபது வருடத்தில் அப்பா இவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்து ஸ்டெப்னி பார்த்ததில்லை. இனி எப்போது பார்ப்பான் என்றும் தெரியாது. அவர் பேச்சுக்கு நடுவே நுழைய இடம் தேடித் தேடி அலுத்தவன். இப்போது கதவு முழுக்கத் திறந்து கிடந்தது.

"எட்டு வயசு இருக்கும் சார். ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு ஃபேக்டரிக்குப் போனேன். உள்ள விடல. கேட்டுக்கு வெளிய நின்னு பாத்தேன். தூரத்துல பிரஸ் முன்னாடி அப்பா நின்னார். வீட்ல இருக்கிற அப்பா இல்ல. வேற ஆளு. ஒரு வார்த்த பேசல. கை மட்டும் போய்ட்டுப் போய்ட்டு வந்துது. தகடு உள்ள போகுது, மூடி வெளிய வருது. சுத்தி நாலு பேரு நின்னு அவர் கையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்த ஆளுகிட்ட பேசணும்னு இருந்துது."

"பேசினியா?"

"அந்த ஆளு வீட்டுக்கு வர்றதில்ல சார். வீட்டுக்கு வர்றவர் பக்கத்து வீட்டுச் சுவரப் பத்திப் பேசுவார். நானும் மெக்கானிக்கல் படிச்சா அவர்கிட்ட கேக்கறதுக்கு ஏதாவது இருக்கும்னு நெனச்சேன். அதுக்குத்தான் வந்தேன். மூணு வருஷம் ஆச்சு. கேக்காத கேள்வி இல்ல. ஒண்ணுக்கும் பதில் வரல."

ஸ்டெப்னியின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அது ஆபீசருக்காக உயரவில்லை.

"லட்சியம்னு கேட்டா, ஒரு நாள் அந்த மெஷின் பக்கத்துல என்ன நிக்க வச்சு, 'இது இப்படிடா'ன்னு அவர் சொல்லணும். அவ்வளவுதான் சார். ஒரு பக்கத்துக்கெல்லாம் வராது."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அம்மா வாசற்படியில் வந்து நின்று, கையைத் துடைத்தபடி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அப்பாவின் முதுகு அசையவில்லை. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அப்பாவின் தலை அதன் பின்னாலேயே மெதுவாகத் திரும்பி, மெதுவாகத் திரும்பி வந்தது.

எப்பேர்ப்பட்ட நடிப்பு என்று ஸ்டெப்னி நினைத்தான்.

ஆபீசர் எழுந்தார். "இதத்தான் தம்பி நீ எழுதியிருக்கணும்," என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார். அதோடு போயிருக்கலாம்.

"அப்பா காத இப்படியே விடக்கூடாது. எங்ககிட்ட காது சோதன பண்ற வண்டி இருக்கு. ஃபேக்டரி ஃபேக்டரியாப் போகும். புதன்கிழமை உங்க காலேஜுக்கே அனுப்பறேன். ரிப்போர்ட் வந்ததும் காதுல வைக்கிற மெஷின் எங்க செலவு. அந்த ரிப்போர்ட் உன் ஃபைலுக்கும் நல்லது. முதலாளி பாத்தார்னா கையெழுத்துப் போட்டுட்டுத்தான் மறுவேல பாப்பார்."

கதவு மூடியது. அப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார். ஸ்டெப்னி அவர் முகத்தைப் பார்த்தான்.

"போயிட்டாரா?" என்றார் அப்பா. "அந்த ஆளு ஷூவப் பாத்தியா? தையல் போட்ட ஷூ. இப்பல்லாம் யாரு தையல் போடறான்? எல்லாம் பசை."

ஷூவைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

ஸ்டெப்னி காத்திருந்தான். திங்கட்கிழமை சாப்பிடும்போது அப்பா பக்கத்து வீட்டுச் சுவரைப் பற்றிப் பேசினார். அன்று சாயங்காலம் அறை வாசலில் வந்து நின்றார். ஸ்டெப்னி புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தான். "நாளைக்கு மழை வரும்போல. குடை எடுத்துக்கிட்டுப் போ," என்றார் அப்பா. ஸ்டெப்னி அந்த வாக்கியத்தை ஒரு மணி நேரம் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தான். இதுவரை அப்பா குடையைப் பற்றிச் சொன்னதே இல்லை. உள்ளே ஏதாவது இருக்கவேண்டும். மறுநாள் குடை எடுத்துக்கொண்டு போனான். மழை வரவில்லை.

"கேட்டுட்டுத்தான் சும்மா இருக்கார்," என்றாள் தங்கச்சி. "வெக்கம். நீ பேசின பேச்சுக்கு நான்னா வீட்ட விட்டே ஓடியிருப்பேன்."

அம்மா மட்டும் வேறு சொன்னாள். "அவர் முன்னாடி நேரா நின்னு ஒரு தடவ சொல்லேன்டா."

"அதான் கேட்டாரேம்மா. இன்னும் எத்தன தடவ?"

அம்மா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

இதற்கு நடுவில் புதன்கிழமை வந்துகொண்டிருந்தது. காது நன்றாகக் கேட்கிறது என்று ஒரு மெஷினே சொல்லிவிட்டால் ஜன்னலும் முதுகும் ஒன்றும் உதவாது. கம்பெனிக்குத் தொலைபேசி செய்து வண்டி வேண்டாம் என்று சொல்லப் பார்த்தான். "நீங்க ரொம்பக் கூச்சப்படறீங்க," என்று அந்தப் பெண் மறுபடி அழத் தயாரானாள். வைத்துவிட்டான்.

தங்கச்சிக்கு எல்லாவற்றுக்கும் வழி தெரியும். "காதுல ஹெட்போன் வைப்பாங்க. கையில பட்டன் குடுப்பாங்க. பீப்னு கேட்டா அழுத்தணும். அழுத்தலன்னா கேக்கலன்னு அர்த்தம். அப்பா சும்மா உக்காந்திருந்தாப் போதும். சும்மா இருக்கறதுகூடவா வராது?"

ஸ்டெப்னி அப்பாவின் எதிரே உட்கார்ந்து இதை விளக்கினான். அப்பா கேட்டு முடித்தார்.

"நான் வரல."

அந்த வீட்டில் அப்பா இரண்டு வார்த்தையில் பேச்சை முடித்தது அதுதான் முதல் முறை.

"ஏன்பா?"

"அந்த பட்டன் சமாச்சாரம் நமக்கு ஆகாது. ஃபேக்டரிலயும் வருஷா வருஷம் வைக்கறான்."

"அதுல பாஸ்தானே ஆவறீங்க?"

"பாஸ்தான்."

"இதுல ஃபெயில் ஆகணும். அது இன்னும் சுலபம்பா. நான் காலேஜ்ல எத்தன தடவ பண்ணியிருக்கேன்."

அப்பா சிரிக்கவில்லை. விரலில் இருந்த பழைய வெட்டுக் காயத்தைத் தடவினார்.

"அந்த வேல உனக்கு அவ்வளவு வேணுமா?"

"வேணும்பா."

"சரி. அழுத்தல."

புதன்கிழமை கல்லூரி வாகன நிறுத்துமிடத்தில் வெள்ளை வண்டி நின்றது. துறைத்தலைவர் கல்யாண வீட்டுக்காரரைப் போல அங்குமிங்கும் நடந்தார். அப்பா பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கூப்பிடும்வரை இருவரும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் இரண்டு நிமிடம் சும்மா இருந்தது ஸ்டெப்னிக்குத் தைரியம் கொடுத்தது.

"அப்பா. அன்னிக்கு அவர்கிட்ட சொன்னேனே. வேலைக்காகச் சொல்லல. அதெல்லாம் நெஜம்."

அப்பா முடிச்சை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்தார். எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மணி ஆயிடுச்சு. வா," என்றார்.

ஸ்டெப்னி பின்னால் நடந்தான். பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்று எங்கேயோ படித்திருந்தான். எழுதியவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்கலாம் என்று தோன்றியது.

வண்டிக்குள் சோதனை செய்யும் பெண்மணி இருந்தார். நடுத்தர வயது. ஒரு நாளைக்கு நாற்பது காதுகளைப் பார்த்துச் சலித்த முகம். படிவத்தை எடுத்து அப்பாவின் எதிரே உட்கார்ந்தார்.

"எங்க வேல செய்யறீங்க?"

அப்பா தொழிற்சாலையின் பெயரைச் சொன்னார்.

"ரிப்போர்ட்ல ஒரு காப்பி அவங்களுக்கும் போகும் சார். தெரியும்ல? சத்தத்துல வேல செய்யறவங்கன்னா அனுப்பியே ஆகணும். சட்டம்."

ஸ்டெப்னிக்கு அது தெரியாது. அப்பா படிவத்தையே பார்த்தார். கையெழுத்துப் போட்டார். வண்டியின் பின்பக்கம் குளியலறை அளவுக்கு ஒரு கண்ணாடி அறை. உள்ளே போய் உட்கார்ந்தார். காதில் ஹெட்போன், கையில் பட்டன். கதவு கனமாக மூடிக்கொண்டது.

அப்பா பட்டனை அழுத்தினால் இந்தப் பக்கம் மேசையில் ஒரு பச்சை விளக்கு எரியும். பெண்மணி சத்தம் வைக்கும் திருகைத் திருகினார், ஏதோ குறித்தார். மறுபடி திருகினார்.

பச்சை விளக்கு எரிந்தது.

ஸ்டெப்னி கண்ணாடி வழியாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். அப்பா அவனைப் பார்த்தார். கவலைப்படாதே என்பதுபோல லேசாகச் சிரித்தார்.

விளக்கு மறுபடி எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. அப்பாவின் முகம் அமைதியாக இருந்தது. கை மட்டும் வேலை செய்தது. நேராக உட்கார்ந்து, அளந்து அளந்து, ஒரே சீராக. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்த அதே ஆள். கடைசியில் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார், நடுவில் ஒரு கண்ணாடிதான்.

ஸ்டெப்னிக்குப் புரிந்துவிட்டது. அப்பா பிரஸ்ஸைத்தான் தேர்ந்தெடுத்தார். கோபம் வரும் என்று பார்த்தான். வரவில்லை. ஒரு விசிலும் ஒரு நோட்டுமாக அந்த ஆளைக் கேட்டில் உட்கார வைத்துப் பார்த்தான். அந்தப் படம் மனதில் நிற்கவே மறுத்தது. அவர் அங்கேதான் நிற்கவேண்டும், தகடு உள்ளே போய் மூடி வெளியே வரவேண்டும். தான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போகலாம். அதில் அவனுக்குப் பழக்கம் இருந்தது.

பெண்மணி திருகிலிருந்து கையை எடுத்தார். தாளைப் பார்த்து முகம் சுளித்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"என்ன இது," என்றார், தனக்குள்.

"மேடம்," என்றான் ஸ்டெப்னி. குரல் அவன் நினைத்ததைவிட அமைதியாக வந்தது. "ஒண்ணு சொல்லணும். அவருக்குக் காது நல்லாக் கேக்கும். வேலைக்காக நான்தான் பொய் எழுதினேன். நான்தான் அவர நடிக்கச் சொன்னேன், அவருக்கு வரல. எனக்கு வேல வேணாம் மேடம். காது நல்லாக் கேக்குதுன்னே ரிப்போர்ட்ல எழுதிடுங்க. அவர் ஃபேக்டரிக்கும் அப்படியே அனுப்பிடுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா இன்னொரு முறை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. பெண்மணியின் கை திருகின் மேல் இல்லை. மடியில் இருந்தது.

அவர் தாளை ஸ்டெப்னி பக்கம் திருப்பி வைத்தார்.

"தம்பி, நான் சத்தம் வச்சப்ப ஒரு தடவகூட இந்த விளக்கு எரியல, எரிஞ்சப்பல்லாம் நான் சத்தமே வைக்கல. நடிக்கறார்ங்கறது சரிதான், ஆனா காது கேக்கற மாதிரி."